சூப்பர்சார்ஜர் காரை எத்தனாலுக்கு மாற்றுவதா? முதலில் புல்லியைப் பாருங்கள்

கேள்வி: என் கார் வி8 எஞ்சின், பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜர், போர்ட் இன்ஜெக்‌ஷன். இ85 எத்தனாலிலும் (எத்தனால் பெரும்பங்கு கலந்த பெட்ரோல்) வெறும் பெட்ரோலிலும் ஓடுகிற ஃப்ளெக்ஸ் ஃபியூயல் காராக இதை மாற்ற ஆசை. 'ஒரு சென்சார், ஒரு ஃபைல், கூடவே சின்னப் புல்லி. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்' என்கிறார் ஒரு ட்யூனிங் ஏஜென்ட். இ85 கிடைக்காத இடத்தில் பெட்ரோல் போட நேர்ந்தால் எஞ்சினுக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. அவர் சொல்கிறபடி மாற்றினால், கார் கெடுவது எத்தனால் போட்ட அன்று அல்ல, பெட்ரோல் போட்ட அன்றுதான். நீங்கள் சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டபோது என்ன பதில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பதில் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

எத்தனால்மேல் எல்லோருக்கும் ஆசை வருவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அது நாக்கிங்கை, அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பதை, எளிதில் வரவிடாது. ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கும்போது அது சூடாகிறது. அந்தச் சூட்டின் ஒரு பகுதியை எரிபொருளே தணித்துவிடுகிறது. அதனால் தீப்பொறியை இன்னும் முன்னதாகக் கொடுக்கலாம், பூஸ்டையும், அதாவது அமுக்கிய காற்றின் அழுத்தத்தையும், ஏற்றலாம். 2007-ல் வந்த கோனிக்செக் சிசிஎக்ஸ்ஆர் இரட்டைச் சூப்பர்சார்ஜருடன் இ85-ல் 1,018 குதிரைத்திறன் கொடுத்தது. பெட்ரோலில் ஓடும் அதன் அண்ணன் சிசிஎக்ஸ் கொடுத்தது 806. ஆக, பலன் உண்மைதான். என் சண்டை எத்தனாலோடு அல்ல, விற்கிறவர்களோடு.

இப்போது உங்கள் காருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். டர்போ காரில் வேஸ்ட்கேட் என்ற வால்வு உண்டு. டாங்கியில் எத்தனால் குறைந்துவிட்டால் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி; ஏஜென்ட் சொல்லும் 'ஃபைல்' இதற்கான மென்பொருள்தான்) அந்த வால்வைத் திறந்து பூஸ்டைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் சூப்பர்சார்ஜரோ கிராங்க் ஷாஃப்டோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. எஞ்சின் 6,000 சுற்றில் ஓடினால், புல்லி விகிதம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு வேகத்தில் அதுவும் சுற்றியே தீரும். டாங்கியில் இருப்பது எத்தனாலா பெட்ரோலா என்பது அதற்குத் தெரியாது. எத்தனாலை நம்பி, சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும் சின்னப் புல்லியைப் போட்டுவிட்டு, பிறகு பெட்ரோல் நிரப்பினால் அதே பூஸ்ட்தான் வரும். அப்போது இசியுவின் கையில் மிச்சமிருப்பது தீப்பொறி டைமிங் ஒன்றுதான். அதையும் ஓரளவுக்கு மேல் தாமதப்படுத்தினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அதையும் மீறி நாக்கிங் வந்தால் பிஸ்டன் உடையும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஏஜென்ட்கள் இதைத்தான் அரைகுறையாகச் சொல்லி வாயை அடைப்பார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். சூப்பர்சார்ஜரில் பைபாஸ் வால்வு ஒன்று இருக்கும். சும்மா ஓட்டும்போது அது திறந்து, அமுக்கிய காற்றைத் திரும்ப உள்வாயிலுக்கே அனுப்பிவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மூடிக்கொள்ளும். பெரும்பாலான கார்களில் இது வெறும் வேக்யூம் குழாயால் இயங்குவது. முழு த்ராட்டிலில் வேக்யூம் இருக்காது. ஆகவே வால்வு மூடியே இருக்கும், அதை வைத்துப் பூஸ்டைக் குறைக்க வழியில்லை. சில கார்களில் மட்டும் இந்த வால்வை இசியுவே மின்சாரத்தால் இயக்கும். முழு த்ராட்டிலிலும் பாதி திறந்துவைக்க முடியும். வேறு சில இசியுக்கள் எலக்ட்ரானிக் த்ராட்டிலைக் கொஞ்சம் மூடி அதே வேலையைச் செய்யும். உங்கள் காரில் எது என்று பானட்டைத் திறந்து நீங்களே பார்க்கலாம்: பைபாஸ் ஆக்சுவேட்டருக்கு ஒயர் போகிறதா, வெறும் ரப்பர் குழாய் மட்டும்தானா? ஒயர் இருந்தாலும், எத்தனால் சதவீதத்தைப் பார்த்து அதைத் திறக்கும் வசதி உங்கள் இசியு மென்பொருளில் இருக்க வேண்டும். குழாயில் ஒரு சோலனாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) மாட்டி 'இதுவும் அதே மாதிரிதான்' என்பார்கள். பெரும்பாலும் அது திற அல்லது மூடு என்ற இரண்டே நிலையில் நிற்கும். இன்னொன்றும் உண்டு. பூஸ்டை வெளியேற்றினாலும் சூப்பர்சார்ஜர் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. சூடான காற்றையே திரும்பத் திரும்ப அரைக்கிறது. பூஸ்ட் மீட்டரில் முள் இறங்கியதை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். மொத்தத்தில், விதிவிலக்கு உண்மை. உங்களுக்குப் பொருந்தும் வாய்ப்பு குறைவு.

ஆகவே என் ஆலோசனை இது. புல்லியை நீங்கள் போட நேரக்கூடிய மட்டமான எரிபொருளுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். எரிபொருள் பம்ப்பையும், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் அதிகம் குடிக்கிற எரிபொருளுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். அவர் இரண்டையும் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறார். புல்லியை இப்போது இருப்பதுபோலவே விட்டுவிட்டால்கூட, எத்தனாலில் டைமிங்கை முன்னே கொண்டுபோவதால் மட்டுமே நல்ல பலன் கிடைக்கும். 2023-ல் டாட்ஜ் கொண்டுவந்த டீமன் 170 சூப்பர்சார்ஜர் காரைப் பாருங்கள்: இ85-ல் 1,025 குதிரைத்திறன், இ10-ல் (10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) 900. எரிபொருளை மாற்றும்போது யாரும் புல்லியைக் கழற்றி மாட்டுவதில்லை.

குடிக்கிற கணக்கு எளிது. எடைக் கணக்கில், பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ85-க்குச் சுமார் 9.8 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் எடையில் 50 சதவீதம் கூடுதலாகப் போக வேண்டும்; இ85 சற்று அடர்த்தி அதிகம் என்பதால் கன அளவில் அது ஏறத்தாழ 40 சதவீதம். உங்கள் இன்ஜெக்டர்கள் பெட்ரோலில் உச்ச வேகத்தில் 65 சதவீத நேரம் திறந்திருந்தால், இ85-ல் 91 சதவீதம் வந்துவிடும். 80-85-ஐத் தாண்டினால் இன்ஜெக்டர் நம்பகமாக மூடித் திறக்காது. இந்த ஒரு எண்ணை அவர் உங்கள் காரிலிருந்து லாக் (ஓடும்போது பதிவாகும் தரவு) எடுத்தாரா என்று கேளுங்கள். எடுக்காமலேயே 'இன்ஜெக்டர் தாங்கும்' என்றால் அவர் ஊகிக்கிறார். பம்ப்பிலும் ஒரு கண்ணி உண்டு. பூஸ்டுக்கு ஏற்ப ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாய்) அழுத்தத்தை ஏற்றாத அமைப்பாக இருந்தால், 4 பார் அழுத்தத்துக்கு எதிராக 1 பார் பூஸ்ட் வரும்போது இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 3 பார்தான். ஓட்டம் சுமார் 13 சதவீதம் குறையும், அதுவும் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில். பம்ப் வாங்கும்போது போலிகளிடம் ஜாக்கிரதை. பெயர்பெற்ற பிராண்ட்களின் அச்சு அசல் டப்பாவிலேயே வருகின்றன.

சென்சார் விஷயத்தில் ஏமாறுவதுதான் மிக எளிது. நிஜமான ஃப்ளெக்ஸ் சென்சார் குழாயில் ஓடும் எரிபொருளின் மின்பண்பை அளந்து, எத்தனாலே இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலென்றால் 150 ஹெர்ட்ஸ் என்று சிக்னல் தரும். இசியு பெட்ரோலுக்கும் எத்தனாலுக்குமான இரண்டு மேப்புகளுக்கு (அளவு அட்டவணைகள்) நடுவில் அந்த விகிதப்படி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சிலர் பெட்ரோலுக்கு ஒன்று, இ85-க்கு ஒன்று என்று இரண்டு ஃபைலைக் கொடுத்து, மாற்ற ஒரு சுவிட்சையும் வைத்துவிட்டு அதற்குப் பெயர் ஃப்ளெக்ஸ் என்கிறார்கள். பாதி டாங்கி அது, பாதி டாங்கி இது என்று கலந்தால் எந்தச் சுவிட்ச்? இன்ஜெக்டர் ஒயருக்கு நடுவில் ஒரு டப்பாவைச் செருகி, திறந்திருக்கும் நேரத்தை நீட்டுவதும் நடக்கிறது. பூஸ்ட் இல்லாத சாதாரண எஞ்சினில் அது தப்பித்துக்கொள்ளலாம். உங்கள் எஞ்சினில் வேண்டவே வேண்டாம்.

ஓட்டத்தின் நடுவில் சென்சார் ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். சரியான பதில் இதுதான்: எரிபொருள் அளவுக்குக் கடைசியாகப் படித்த சதவீதத்தையே பிடித்துக்கொள்ள வேண்டும், டைமிங்குக்கு மட்டும் வெறும் பெட்ரோல் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். இரண்டுக்கும் பெட்ரோல் என்று வைத்தால் எத்தனால் டாங்கியில் எரிபொருள் போதாமல் எஞ்சின் வறண்டு எரியும். இரண்டுக்கும் எத்தனால் என்று வைத்தால் பெட்ரோல் டாங்கியில் நாக்கிங் வரும். வண்டியை டெலிவரி எடுக்கும் முன் ஐடிலில் சென்சார் கனெக்டரைக் கழற்றச் சொல்லி, லேப்டாப்பில் இரண்டு எண்களும் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள்.

இதையெல்லாம் வாகன ஓட்டி தானே தோண்டித் துருவ வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் '85' என்று எழுதியிருக்கும். அமெரிக்கத் தரநிலையே 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருந்தால் அந்தப் பெயரில் விற்க இடம் கொடுக்கிறது. பருவத்துக்குப் பருவம் மாறும் பொருளுக்கு மாறாத எண்ணை ஒட்டி வைத்திருக்கிறார்கள், அன்றைய சதவீதத்தைப் பங்க்கில் காட்ட ஒரு கட்டாயமும் இல்லை. மறுபக்கம், இசியுவைத் தொட்டாலே புகை விதிமீறல் என்று பல நாடுகளில் சட்டம் பார்க்கிறது. முறையாகச் செய்ய நினைப்பவருக்கு அங்கீகாரம் வாங்கும் பாதை நீளம், முறைகேடாகச் செய்பவருக்கு ஒரு தடையும் இல்லை. உங்கள் வாகனப் பதிவு விதியையும் இன்ஷூரன்ஸ் நிபந்தனையையும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. எத்தனாலைத் தாங்காத ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் மாற வேண்டும். டாங்கியில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும். ஆயிலில் எரிபொருள் கலக்கும், அதனால் முன்பைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதானால் டாங்கியில் இ85 வேண்டாம், அது காற்றிலிருந்து நீரை இழுக்கும்.

கடைசியாக, அந்த ஏஜென்ட். பணம் வாங்குபவர் அவர், ஃபைல் எழுதுபவர் வேறு யாரோ. இது இந்தத் தொழிலில் சகஜம். அந்த ஃபைலைப் பூட்டியும் கொடுப்பார்கள்; நாளைக்குக் கோளாறு வந்தால் வேறு யாரும் திறந்து திருத்த முடியாது. எழுதுபவரிடமே நேரடியாகப் பேச முடியுமா, ஃபைல் பூட்டாமல் உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள். பெட்ரோல், பாதிக் கலவை, இ85 மூன்றிலும் டைனோவில் (நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) ஓட்டி, நாக்கிங் அளவு, வைட்பேண்ட் சென்சார் காட்டும் காற்று-எரிபொருள் விகிதம், இன்ஜெக்டர் சதவீதம், காற்றின் வெப்பநிலை எல்லாம் தெரிகிற லாக் மூன்றையும் தரச் சொல்லுங்கள். டாங்கியை மூன்று முறை மாற்றி ஓட்ட வேண்டும். ஒரே நாளில் அவசரமாக முடிகிற வேலை அல்ல. ஒத்துக்கொண்டால், புல்லியைத் தொடாமல் வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள்.