அல்ஜீப்ரா பேச்சுக்குப் பரிமளாவை எடுங்கள்

ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு ‘இயற்கணிதத்தில் ஓர் இந்தியர்’ என்று மூன்று நிமிடப் பேச்சு, ராமானுஜனைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை என்கிறீர்கள். ராமானுஜன் முதன்மையாக எண் கோட்பாட்டுக்காரர், இங்கே சரியாகப் பொருந்தமாட்டார். இயற்கணித அறிஞர் ராமன் பரிமளாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் பிறந்தவர், சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்தார். அப்புறம் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம், 1987-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது, பிறகு அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம். 2010-இல் ஹைதராபாத் உலகக் கணித மாநாட்டில் முழு அவை உரை நிகழ்த்தினார்.

விருதுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், வகுப்பு கொட்டாவி விடும் இடம் அது. அவர் துறையான இருபடி வடிவங்களுக்கு, அதாவது எல்லா உறுப்புகளும் இரண்டாம் படியில் இருக்கும் கோவைகளுக்கு, நேரம் கொடுங்கள். மகளைக் கரும்பலகையில் x² + y² = 0 என்று எழுதச் சொல்லுங்கள். மெய்யெண்களில் இரண்டும் சுழியாக இருந்தால்தான் சரிவரும். x² − 4y² = 0 என்றால் x = 2, y = 1 போதும். எத்தனை மாறிகள் இருந்தால் இப்படிச் சுழியல்லாத விடை கட்டாயம் கிடைக்கும்? எண்களின் உலகம் மாறினால் பதிலும் மாறும். அப்படி ஓர் உலகத்தில் ஒன்பது மாறிகள் போதும் என்று பரிமளாவும் சக கணிதவியலாளர் சுரேஷும் நிறுவினார்கள். நிரூபணத்துக்குள் போகவேண்டாம், எனக்கே தலை சுற்றும்!