மைக்ரோவேவ் அடுப்பில் பொறி பறந்தால் முதலில் மைக்கா தகட்டைப் பாருங்கள்

மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே வலப்பக்கச் சுவரில் பொறி பறக்கிறது, ஆனாலும் சாதம் சூடாகிறது என்கிறீர்கள். அப்படியானால் சூடாக்கும் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் போய்விடவில்லை. அந்தச் சுவரில் அட்டை போல ஒட்டியிருக்கும் மைக்கா தகடுதான் பெரும்பாலும் கருகியிருக்கும். குழம்பு தெறித்த பிசுக்கு அதில் படிந்து கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி அங்கேதான் கிளம்பும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். வெறும் பிசுக்கு என்றால் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். ஓட்டை விழுந்திருந்தால் புதிய தகடு வாங்கி, பழையதை மேலே வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளுங்கள். அட்டைதானே என்று தூக்கி எறிந்துவிட்டு தகடு இல்லாமல் அடுப்பை ஓட்டாதீர்கள். தகட்டை மாட்டியபின் ஒரு குவளைத் தண்ணீரை ஒரு நிமிடம் சூடாக்கி, பொறி வருகிறதா என்று பாருங்கள்.

உட்சுவரில் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தால், தகடு மாற்றியும் பொறி நிற்காமல் போகலாம்.

வெளிக்கூட்டை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம்.