ஏலத்துக்கு வந்த பளபள எஃப்ஜே40: எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆன்லைன் ஏலத்தில் 1978 மாடல் எஃப்ஜே40 ஒன்று வந்திருக்கிறது. வண்டி அரிசோனாவில் ஒரு டீலரிடம் நிற்கிறது. ‘ஃப்ரேம்-ஆஃப் ரெஸ்டொரேஷன்’ என்று போட்டிருக்கிறார்கள். பெயின்ட், சீட், டாப் எல்லாம் புதுசு. படங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஏலம் முடிய ஐந்து நாள் இருக்கிறது. உள்ளே நல்ல வேலை செய்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஐந்து நாள் போதும். ஆனால் படங்களில் குறை தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கை வைக்காத பழைய வண்டியில் துரு இருந்தால் கண்ணுக்குத் தெரியும், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் அந்த வசதி இல்லை. அதனால்தான் ரீஸ்டோர் செய்த வண்டியை இன்னும் கடுமையாகப் பார்க்கச் சொல்கிறேன். பெயின்டுக்கு அடியில் என்ன இருந்தது, அதை என்ன செய்தார்கள் என்று விற்பவர் படத்தோடு காட்ட வேண்டும். காட்ட முடியவில்லையென்றால் அதைப் பெயின்ட் அடித்த பழைய வண்டியாகவே வைத்து விலை போடுங்கள்.

ஃப்ரேம்-ஆஃப் என்றால் பாடியைச் சேசிஸிலிருந்து தனியாகத் தூக்கி, இரண்டையும் தனித்தனியே சுத்தம் செய்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டுவது. அந்த வார்த்தைக்குச் சட்டப்படி ஒரு அளவுகோலும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எனவே இன்றே டீலருக்கு எழுதி, பாடி தனியாக நின்றபோது எடுத்த படங்களையும், பெயின்டை முழுக்கச் சுரண்டிய பிறகு வெறும் இரும்பாக இருந்தபோது எடுத்த படங்களையும் கேளுங்கள். உண்மையாகவே இந்த வேலையைச் செய்த பட்டறை ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்திருக்கும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் வேலை கொடுத்தவரிடம் பணம் வாங்க முடியும். படம் வந்ததும் அது இதே வண்டிதானா என்று பாருங்கள். எஞ்சினுக்கும் உள் அறைக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வாலில் கூடுதலாகப் போட்ட ஓட்டைகள், பழைய ஒடுக்குகள், கதவு மாட்டும் இடத்து அடையாளங்கள் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும்.

எஃப்ஜே40 எங்கே துருப்பிடிக்கும் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தகடு இரட்டையாக இருக்கும் இடத்திலும், சேறு தங்கும் இடத்திலும்தான். முதல் இடம் பின் கதவுகளுக்குக் கீழே குறுக்காகப் போகும் பெட்டி போன்ற பகுதி, அதாவது பின் சில். அதற்குள் புகுந்த மண் வெளியே வராது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். அப்புறம் பின்பக்கப் பக்கவாட்டுத் தகடுகளின் கீழ்ப்பகுதி, பின் சக்கர வளைவுகள், கால் வைக்கும் தரை, விண்ட்ஷீல்ட் ஃப்ரேமின் அடிப்பகுதி, ஹார்ட்டாப்பின் மழைநீர்க் காடி, பாடி சேசிஸில் உட்காரும் மவுன்ட்கள். சேசிஸிலேயே கடைசிக் குறுக்குச் சட்டம் சந்தேகத்துக்குரியது.

இந்த இடங்களை எப்படிச் சரி செய்தார்கள் என்பதில்தான் டிங்கரிங் வேலையின் தரம் இருக்கிறது. சரியான வழி, துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே வடிவத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உட்பக்கமும் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடிப்பது. குறுக்கு வழி, ஓட்டையின் மேல் ஒரு தகட்டை ஒட்டவைத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் முதல் ஓரிரண்டு வருடம் இரண்டும் ஒன்றுதான். அடியில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நீங்கள் படத்திலேயே தேடக்கூடிய ஒன்று இருக்கிறது. டொயோட்டா தொழிற்சாலையில் தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில், அதாவது புள்ளி புள்ளியாக அழுத்திச் சூடாக்கி, இணைத்தார்கள். அந்த இணைப்பு ஓரங்களில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் ஓரளவு சீரான இடைவெளியில் வரிசையாகத் தெரியும். சக்கர வளைவின் உள் ஓரத்தையும் பின் சில்லின் ஓரத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழிகள் இருந்தால் நல்லது. பட்டறைகளில் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கில் புள்ளி வைத்து அடைத்து, அதை ஓரளவு தேய்த்துவிட்டிருந்தாலும் தவறில்லை, அது முறையான பழுது வேலைதான். ஓரம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் அங்கே பட்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்ஜே40 காட்டுக்கும் வயலுக்கும் சுரங்கத்துக்கும் செய்த வண்டி. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே பெயின்டில் லேசான ஆரஞ்சுத் தோல் சொரசொரப்பும், கதவு இடுக்குகளில் கொஞ்சம் ஏற்றத்தாழ்வும் இருக்கும். சொகுசுக் கார் மாதிரி மினுங்கும் எஃப்ஜே40-ஐப் பார்த்தால் பலருக்கும் பிடிக்கும், எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

வண்டியை நேரில் பார்க்க யாராவது போகிறார்கள் என்றால் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரோடு போகட்டும். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு பிரைமர், கலர், கிளியர் என்று புதிதாக அடித்ததில் 200 முதல் 350 வரை வரலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. 1000 மைக்ரானைத் தாண்டினால் அந்த இடத்தில் பெயின்டும் பட்டியும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. கதவின் நடுவில் சின்ன ஒடுக்கை நிரப்ப ஓரிடத்தில் அப்படி இருந்தால் பரவாயில்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதி முழுக்க அப்படி வந்தால் தகடே மாற்றப்படவில்லை என்று அர்த்தம். சின்னக் காந்தம் வைத்துப் பார்ப்பதும் உதவும். ஆனால் ஹார்ட்டாப்பின் கூரை ஃபைபர் கிளாஸ்தான், அங்கே காந்தம் ஒட்டாதது குற்றமில்லை. பாடியிலேயே எங்கும் ஒட்டவில்லையென்றால் அது அலுமினியத்திலோ ஃபைபரிலோ செய்த மாற்றுப் பாடி. அவற்றில் தரமானவையும் உண்டு. ஆனால் அதை விற்பவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விலையும் வேறாக இருக்க வேண்டும்.

சேசிஸுக்கு வருவோம். ரிவெட் தலைகள் தெளிவாக, ஓரம் மழுங்காமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். துருவை எடுக்காமல் அதன் மேலேயே கறுப்புப் பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ அடித்தால் மேற்பரப்பு மேடுபள்ளமாகத் தெரியும், பிறகு தோல் மாதிரி உரியும். அடிப்பாகம் முழுக்கத் தடித்த ரப்பர் போன்ற கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதைப் பாதுகாப்பு என்று விளம்பரத்தில் சொல்வார்கள். புதிதாக ரீஸ்டோர் செய்த வண்டிக்கு அது தேவையே இல்லை. அப்படி இருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள் என்ற சந்தேகத்தோடுதான் நான் பார்ப்பேன்.

ஏலத்துக்கு வரும் எஃப்ஜே40-களில் பல, கொலம்பியா, வெனிசுலா, கோஸ்டா ரிகா போன்ற நாடுகளில் ஓடி, அங்கேயே வேலை பார்க்கப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தவை. 25 வருடம் தாண்டிய வண்டிக்கு மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு இருப்பதால் கொண்டுவருவது எளிது. அங்கே கையால் தகடு அடித்து அருமையாக வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன, பட்டியால் சிலை செய்பவர்களும் இருக்கிறார்கள். நாட்டை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் அங்கிருந்து வந்ததென்றால் படம் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது, வண்டி அதன் வருடத்துக்குப் பொருந்துகிறதா என்பது. அமெரிக்காவில் விற்ற 1978 மாடலில் 2எஃப் என்ற 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர், முன்னால் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். பெட்ரோல் டாங்க் பயணி சீட்டுக்கு அடியில் இருக்கும். ஹெட்லைட்டைச் சுற்றிய சட்டம் வட்டமாக இருக்கும். சதுரச் சட்டமும் பின்னால் அடியில் வைத்த டாங்க்கும் 1979 மாடலில் வந்தவை. உங்கள் வண்டியில் அவை இருந்தால் ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், இத்தனை வருடத்தில் பாகம் மாற்றியிருக்கலாம். எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ஃபயர்வால் தகட்டில் இருக்கும் நம்பர், முன்பக்கம் பயணி பக்கச் சேசிஸ் சட்டத்தில் குத்தியிருக்கும் நம்பர், டைட்டில் பத்திரத்தில் இருக்கும் நம்பர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சேசிஸ் நம்பரைப் படம் எடுக்கச் சொல்லும்போது அந்த இடத்தைத் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் கனமாக அடித்து எண் படிக்க முடியவில்லை என்று பதில் வந்தால், அதைத் தீர்க்காமல் மேலே போக வேண்டாம்.

ஓடும் பாகங்களில் இரண்டு இடத்தைச் சொல்கிறேன், இவை பட்டறையின் குணத்தையே காட்டிவிடும். முன் சக்கரத்துக்கு உட்புறம், ஆக்சில் முனையில் உருண்டை வடிவத்தில் ஒரு பாகம் இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதைச் சுற்றியிருக்கும் கூடு சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும். அந்த உருண்டைக்குள் கிரீஸில் ஊறிய ஜாயின்ட் இருக்கிறது. உள் ஆயில் சீல் போய்விட்டால் டிஃபரன்ஷியல் ஆயில் உள்ளே வந்து கிரீஸோடு கலந்து கஞ்சி மாதிரி ஆகி, உருண்டையின் பின்பக்கம் வழியும். லேசான ஈரம் இருப்பது இயல்பு, அது வழவழப்புக்குத் தேவையும்கூட. சொட்டுச் சொட்டாக வழிந்து பிரேக் பக்கம் போயிருந்தால் முன் ஆக்சிலைத் திறக்கவே இல்லை என்று பொருள். இரண்டாவது, இந்த வருட மாடலில் ஹேண்ட் பிரேக் டிரம், எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே உள்ள சீல் கசிந்தால் ஆயில் நேராக டிரம்முக்குள் போகும், ஹேண்ட் பிரேக் பிடிக்காது. சரிவான இடத்தில் ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு நிறுத்தி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, இரவு முழுக்க நின்று ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று, வெட்டாமல், சைலன்சர் பக்கமும் ஆயில் பிரஷர் மீட்டரும் தெரியும்படி. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அந்த ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

டேஷ்போர்டுக்கு அடியில் ஒரே ஒரு படம் கேளுங்கள். வயர்கள் டேப் சுற்றி, கட்டி, ஒழுங்காகப் போகின்றனவா, கலர் கலராகத் தொங்குகின்றனவா என்பது ஒரு பார்வையில் தெரியும். பழைய கலரின் மிச்சமும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

சில நூறு டாலர் கொடுத்து உள்ளூரில் ஒருவரைப் பார்க்க வையுங்கள். பொதுவான கார் மெக்கானிக் வேண்டாம், லேண்ட் குரூசர் தெரிந்தவர் வேண்டும். டொயோட்டா லேண்ட் குரூசர் அசோசியேஷனுக்குப் பல மாநிலங்களில் கிளைகள் உண்டு, அங்கே விசாரித்தால் ஆள் கிடைப்பார். டீலர் பார்க்க விட மறுத்தால் அதோடு விட்டுவிடலாம். ஏலத்தில் எடுத்த வண்டி உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையில்தான் வருகிறது, பிறகு திருப்பித் தர முடியாது. வாங்குபவர் கட்டணமும் தனி. ஆன்லைனில் 5 சதவீதம் அளவில் வாங்குகிறார்கள், பெரிய நேரடி ஏலங்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ போகும். அதையும் லாரிச் செலவையும் கழித்துவிட்டு உங்கள் உச்ச விலையை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கலிபோர்னியாவில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே 1975 மாடல் வரை உள்ள பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு. 1978 மாடல் அதில் தேறினால்தான் பதிவு செய்ய முடியும். ரீஸ்டோர் செய்பவர்கள் பலர் எஞ்சின் அறை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று புகையைக் குறைக்கக் காற்று செலுத்தும் ஏர் பம்ப்பையும் அதன் குழாய்களையும், புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பல மாநிலங்களில் அது யாருக்கும் உறுத்தாது. செவர்லே வி8 எஞ்சின் மாற்றியிருந்தால் இன்னும் கஷ்டம், அந்த எஞ்சினுக்கு உரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் முழுக்க இருக்க வேண்டும், ரெஃப்ரி என்று சொல்லப்படும், அரசு நியமித்த பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். எனவே டீலரிடம் முதல் படமாக, பானெட்டைத் திறந்து எஞ்சினின் இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏர் பம்ப் இல்லையென்றால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வண்டியை விட்டுவிட்டு, 1975-க்கு உட்பட்ட ஒன்றைத் தேடுங்கள்.