தட்டில் இருக்கும் புரதமும் இதயத்தில் இருக்கும் புரதமும்

கேள்வி: என் அண்ணாவுக்கு 36 வயது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்கோ எடுத்த வைத்தியர், இதயத் தசை தடித்திருக்கிறது, அது புரதக் கோளாறு என்றார். அன்றிலிருந்து அம்மா அவருக்கு முட்டை, மீன், பருப்பு எதுவும் கொடுப்பதில்லை. இது சரியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா இன்றைக்கே மீன் குழம்பு வைக்கட்டும். சாப்பிடும் புரதம் குடலில் உடைந்து அமினோ அமிலங்களாகிவிடும். வைத்தியர் சொன்னது உடம்பு தானே செய்துகொள்ளும் புரதத்தை. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லிக் குழப்புவது எங்கள் ஆட்களின் பழக்கம்தான்.

இதயத் தசைக்குள் மயோசின் என்றொரு புரதம் உண்டு. அதன் இரட்டைத் தலைகள் துடுப்புப் போடுவதுபோல் பக்கத்து இழையைப் பிடித்து இழுக்கும்போது தசை சுருங்குகிறது. எல்லாத் தலைகளும் எப்போதும் இழுப்பதில்லை. பல பின்னால் மடிந்து ஓய்வெடுக்கும். மயோசினிலோ அதை அடக்கி வைக்கும் துணைப் புரதத்திலோ பிறவியிலேயே சிறு பிழை இருந்தால் அந்த மடிப்புக் குலைந்து, சும்மா இருக்க வேண்டிய தலைகளும் வேலைக்கு இறங்கிவிடும். இதயம் அளவுக்கு மீறி இறுகும், ஒழுங்காகத் தளராது. காலப்போக்கில் தசை தடிக்கும்.

இந்நோய்க்குக் காரணமான மயோசின் மரபணுப் பிழை முதலில் 1990இல் பிடிபட்டது. தலைகளை மடிந்த நிலையிலேயே இருத்தி வைக்கும் மாவகாம்டென் குளிசைக்கு அமெரிக்காவில் 2022இல்தான் அனுமதி கிடைத்தது. தடித்த தசை இரத்தம் வெளியேறும் வழியை அடைப்பவர்களுக்கே அது. கொஞ்சம் கூடினாலும் இதயத்தின் பலம் குறைந்துவிடும் என்பதால் அடிக்கடி எக்கோ பார்த்துத்தான் கொடுப்பார்கள். கனடா மாமாவிடம் சொல்லிப் பார்சலில் எடுப்பிக்கிற மருந்தல்ல! பலருக்கு இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா புளொக்கர் போன்ற பழைய குளிசைகளே போதும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இது பெற்றோர் வழியாக வந்திருந்தால் கூடப்பிறந்த உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மூச்சு வாங்காவிட்டாலும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பாருங்கள். அண்ணா வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலையக் கூடாது. நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டில் யாருடையதோ நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலிக் குளிசையை வாங்கிப் போடவும் கூடாது. இரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு இருந்தால் அந்தக் குளிசை இரத்த அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிடும். நடக்கும்போது மயங்கி விழுந்தாலோ, உங்கள் சொந்தத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.