கடைசிக் காலத்துக் குரல்கள்: கன்ட்ரி பாடகர்களும் மரணமும் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் கன்ட்ரி இசையைப் பல வருடங்களாக விடாமல் கேட்டுவருகிறேன். அதில் வயதான பாடகர்கள் தங்கள் சாவைத் தாங்களே பாடிய பாட்டுகள்தான் எனக்கு மிகவும் நெருக்கமானவை. அவற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், கன்ட்ரி என்றால் தொப்பி, குதிரை, பீர், காதல் தோல்வி என்றுதான் நினைத்திருந்தேன். இதில் மரணம் எப்போது நுழைந்தது?

முதலிலிருந்தே இருக்கிறது. விர்ஜீனியா மலைப்பகுதியைச் சேர்ந்த கார்ட்டர் குடும்பத்தார் 1927இல் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார்கள். கன்ட்ரி இசைக்கு அவர்கள்தான் மூத்த குடும்பம். பழைய தேவாலயப் பாட்டு ஒன்றை மாற்றியமைத்து 1935இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அம்மாவின் சவ வண்டி வருவதை மகன் ஜன்னல் வழியே பார்க்கிறான். மெதுவாக ஓட்டுங்கள் என்று வண்டிக்காரரிடம் கெஞ்சுகிறான். அந்தத் தேவாலயப் பாட்டின் தலைப்பை கன்ட்ரி கலைஞர்களைக் கௌரவிக்க நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமின் வட்ட மண்டபத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாடகர்கள் பலர் ஏழை விவசாய வீடுகளில் பிறந்தவர்கள். சாவு அவர்களுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். ஜானி கேஷுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1944இல், அண்ணன் ஜாக் மரம் அறுக்கும் ரம்பத்தில் சிக்கி இறந்துபோனார். அந்த அண்ணனை கேஷ் கடைசிவரை மறக்கவில்லை.

கேள்வி: ஜானி கேஷின் 'ஹர்ட்' பார்த்து அழாதவர் இல்லை என்கிறார்கள். ஆனால் அது அவர் எழுதிய பாட்டே இல்லையாமே?

ஆமாம், எழுதியவர் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரெண்ட் ரெஸ்னர். 1994இல் அது வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் பாட்டு அது. கேஷ் அதை 2002இல் வெளியிட்டபோது அவருக்கு எழுபது. மூலப் பாட்டில் கிரீடத்தைப் பற்றிய வரியில் ஒரு கெட்ட வார்த்தை வரும். அந்த இடத்தில் கேஷ் 'முள்' என்று மாற்றிப் பாடினார். ஒரே சொல்தான் மாறியது, பாட்டு பைபிளுக்குள் போய்விட்டது.

2003 தொடக்கத்தில் வந்த வீடியோவை இயக்கியவர் மார்க் ரோமனெக். டென்னசியின் ஹெண்டர்சன்வில்லில் 'ஹவுஸ் ஆஃப் கேஷ்' என்று கேஷின் அருங்காட்சியகம் இருந்தது. மூடிக் கிடந்து பாழாகியிருந்த அந்த இடத்தை அலங்கரிக்காமல் அப்படியே படமெடுத்தார்கள். கேஷின் கையும் முகமும் நடுங்குவதையும் மறைக்கவில்லை. படிக்கட்டில் நின்றபடி மனைவி ஜூன் கார்ட்டர் அவரைப் பார்க்கும் காட்சி ஒன்று வரும். அந்த வீடியோவில் என்னால் தாண்டிப்போக முடியாத இடம் அதுதான். அந்த மே மாதம், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஜூன் இறந்தார். செப்டம்பர் 12ஆம் தேதி கேஷும் போய்விட்டார். முதலில் போவது கேஷ்தான் என்று நினைத்திருந்தவர்கள் பலர்.

கேள்வி: மனைவி போன பிறகு அவர் பாடினாரா?

பாடினார். தனக்கு வேலை வேண்டும் என்று தயாரிப்பாளர் ரிக் ரூபினிடம் கேட்டுப் பாடினார். கண்பார்வை மங்கிவிட்டது, மூச்சு வாங்கியது. உடம்பு இடம்கொடுத்த நாட்களில் பதிவு நடந்தது. அவர் எழுதிய கடைசிப் பாட்டு 'லைக் த 309'. தன் சவப்பெட்டியை ஏற்றிச் செல்லப்போகும் ரயிலைப் பற்றியது. அதில் தனக்கு மூச்சிரைப்பதை வைத்தே கிண்டல் செய்கிறார்.

1955இல் வந்த அவரது முதல் இசைத்தட்டில் 'ஹே போர்ட்டர்' என்ற பாட்டு இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் ஒருவன் ரயில் ஊழியரிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று நச்சரிக்கும் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே ரயில்தான், இப்போது அவர் பெட்டிக்குள் படுத்துப் போகிறார்.

கேள்வி: எல்லோரும் இப்படித் துணிச்சலாகத்தான் பாடினார்களா? பயந்தவர்கள் இல்லையா?

பயத்தைக் கேட்க வேண்டுமென்றால் ரால்ஃப் ஸ்டான்லியின் 'ஓ டெத்' கேளுங்கள். பழைய மலைநாட்டுப் பாட்டு. இன்னும் ஒரு வருடம் விட்டுவை என்று மனிதன் மரணத்திடம் மன்றாடுகிறான். ஸ்டான்லி பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் மேதை. அப்படிப்பட்டவர் 2000இல் ஒரு திரைப்படத்துக்காக இதைப் பாடும்போது பாஞ்சோவைத் தொடவே இல்லை. பக்கவாத்தியமே கிடையாது. அவர் வளர்ந்த பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வாத்தியம் இல்லாமல்தான் பாடுவார்கள். அந்தப் பதிவுக்கு 2002இல் கிராமி கிடைத்தது. அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. மெருகேற்றிய குரல் இதைப் பாடியிருந்தால் இந்த நடுக்கம் வந்திருக்காது. இந்தப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது இதுதான்: வரிகளைவிடக் குரலைக் கவனியுங்கள். மூச்சு எங்கே அறுகிறது, சுருதி எங்கே தளர்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு மறதி நோய். மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கிளென் கேம்பலின் கடைசிப் பாட்டைக் கேட்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது.

தயக்கம் நியாயமானதுதான் அம்மா. என்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தனக்கு அல்சைமர் இருப்பதை 2011இல் கேம்பல் வெளிப்படையாக அறிவித்தார். அதன் பிறகு ஊர் ஊராகப் போய் 151 விடைபெறும் கச்சேரிகள் செய்தார். கடைசிக் கச்சேரி 2012 நவம்பர் இறுதியில். குழுவில் அவர் பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். மகள் ஆஷ்லி பாஞ்சோ வாசிப்பார். பாட்டு வரிகள் எதிரே திரையில் ஓடும். வரி மறந்தாலும் விரல்கள் கிதாரை மறக்கவில்லை.

2013 ஜனவரியில் அவர் கடைசியாகப் பதிவு செய்தது 'ஐயாம் நாட் கோனா மிஸ் யூ'. நோயைப் பற்றிப் பார்ப்பவரெல்லாம் கேட்டபோது, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது, எனக்குத்தான் யாருடைய பிரிவும் தெரியப்போவதில்லையே என்று அவர் சொன்னதிலிருந்து பிறந்த பாட்டு. மனைவியிடம் சொல்வது போல இருக்கும். நான் கடைசியாக நேசிக்கப்போவது உன்னைத்தான், கடைசியாக நினைவில் நிற்கப்போவதும் உன் முகம்தான், ஆனால் உன் பிரிவு எனக்குத் தெரியப்போவதில்லை, நீ அழுதாலும் எனக்கு வலிக்காது என்கிறது. கேட்க எளிதான பாட்டு இல்லை. ஆனால் பார்த்துக்கொள்பவரின் வலியை, நோயாளியே முன்கூட்டித் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்கிறார். உங்கள் அம்மா சொல்ல முடியாமல் போனதை வேறொருவர் சொல்லிக் கேட்பது போல உங்களுக்கு இருக்கலாம். தனியாக இருக்கும்போது கேட்காதீர்கள்.

கேம்பல் 2017 ஆகஸ்டில், எண்பத்தொன்றாவது வயதில் காலமானார்.

கேள்வி: வில்லி நெல்சன் மட்டும் ஏன் இதையெல்லாம் சிரிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்?

அவர் இறந்துவிட்டார் என்று இணையத்தில் எத்தனை முறை வதந்தி கிளம்பியது! அதையே வைத்து 2017இல் 'ஸ்டில் நாட் டெட்', அதாவது 'இன்னும் சாகவில்லை', என்று பாடினார். அடுத்த வருடம் 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்'. அதைச் சிரித்துக்கொண்டே கேட்கத் தொடங்கலாம், ஆனால் நண்பர்கள் பெயராக வரும் இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். வேலன், ரே, மெர்ல். எல்லாம் போனவர்கள். கேஷ், வேலன் ஜென்னிங்ஸ், கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன், வில்லி நால்வரும் 1985இல் 'ஹைவேமென்' என்று சேர்ந்து பாடியவர்கள். 2024 செப்டம்பரில் கிறிஸ்டாஃபர்சனும் போன பிறகு, மீதி வில்லி ஒருவர்தான். அதே ஆண்டில் அவர் தன் 91ஆவது வயதில் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'மரத்தின் கடைசி இலை'. தயாரித்தவர் மகன் மைக்கா.

கேள்வி: பெண்கள் யாரும் பாடவில்லையா?

லொரெட்டா லின் இருக்கிறாரே! 2016இல், எண்பத்து மூன்று வயதில், வில்லியோடு சேர்ந்து 'லே மீ டவுன்' பாடினார். என்னைக் கிடத்தும் அன்று எனக்கு அமைதி கிடைக்கும் என்பதுதான் பாட்டு. இரண்டு முதியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். மறு வருடம் லொரெட்டாவுக்குப் பக்கவாதம், அதற்கடுத்த வருடத் தொடக்கத்தில் இடுப்பு எலும்பு முறிவு. அப்படியும் 2021இல் இன்னொரு தொகுப்பு வெளியிட்டார்! 2022 அக்டோபரில் தன் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

கேள்வி: மனதில் பட்டதைக் கேட்கிறேன். சாகப்போகும் கிழவர்களை வைத்துக் காசு பார்ப்பதுதானே இது?

கேட்க வேண்டிய கேள்விதான். கேஷ் இறந்து மூன்று வருடம் கழித்து, 2006இல் வந்த தொகுப்பு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர் உயிரோடு இருந்த 1980களில் அவரை வேண்டாம் என்று ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும் இசைத்தட்டு வியாபாரம்தான். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் பாடியவர்களை அதே கணக்கில் சேர்க்க மாட்டேன். நுரையீரல் கெட்டுப்போன நிலையில் மெர்ல் ஹாகர்ட் 2016 பிப்ரவரியில் 'கேர்ன் ரிவர் ப்ளூஸ்' பதிவு செய்தார். கிதார் வாசித்தது மகன் பென். பிறந்தநாளில் போய்விடுவேன் என்று வீட்டாரிடம் சொல்லியிருந்தாராம். ஏப்ரல் 6, தன் 79ஆவது பிறந்தநாளில் இறந்தார். மூச்சு விடவே சிரமப்படும் ஒருவர் காசுக்காகவா மைக் முன் நிற்பார்? அவருக்குத் தெரிந்த வேலை அது, முடிந்தவரை செய்தார்.

கேள்வி: டோபி கீத்தின் பாட்டு இதில் சேருமா?

சேரும், ஆனால் கதை வேறு. 'கிழவனை உள்ளே விடாதே' என்ற அந்தப் பாட்டு, எண்பத்தெட்டை நெருங்கிய நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் சொன்ன வார்த்தையில் பிறந்தது. 2018இல் அது அடுத்தவர் முதுமையைப் பற்றிய பாட்டு. 2023 செப்டம்பரில் வயிற்றுப் புற்றுநோயோடு, உடல் மெலிந்து, மேடையேறி அவர் அதையே பாடியபோது அது அவருடைய பாட்டாகிவிட்டது. அடுத்த பிப்ரவரியில் இறந்தார். வயது 62.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம் சார்?

முதலில் 'ஹே போர்ட்டர்', உடனே 'லைக் த 309'. இரண்டும் சேர்த்து ஏழெட்டு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் லொரெட்டாவும் வில்லியும். 'ஓ டெத்' பகலில் கேளுங்கள். 'ஹர்ட்' வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தாலும் இன்னொரு முறை பாருங்கள், இந்தத் தடவை கேஷை விட்டுவிட்டுப் படிக்கட்டில் நிற்கும் ஜூனின் முகத்தை மட்டும்.