400 ஃபிலிமை 1600-ல் வைத்து எடுத்துவிட்டேன், எப்படிக் கழுவுவது?

நீங்கள் எழுதியிருப்பது: இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் ரோல், அதாவது 400 வேகக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம். நண்பரிடம் வாங்கிய பழைய கேமராவின் ஃபிலிம் வேக (ஐஎஸ்ஓ) டயல் 1600-லேயே இருந்திருக்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 36 படமும் முடித்த பிறகுதான் கவனித்திருக்கிறீர்கள். சரி, பயப்படாதீர்கள். முழு ரோலும் ஒரே தப்பில் போனது உங்கள் நல்ல நேரம். பாதி ரோலில் டயலைத் திருத்தியிருந்தால்தான் தலைவலி.

டயல் 1600 என்றால், மீட்டர் கொடுத்தது தேவையான ஒளியில் கால் பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரில் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சமான இடங்களும் நடுத்தரமும் எழும்பும். நிழலில் விழாத ஒளியை எந்த டெவலப்பரும் கொண்டுவராது. இதை நான் ஒரு ரோலைப் பலி கொடுத்துத்தான் கற்றேன்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாசி மகம். சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரை வந்திருந்தன. பத்து மணி வெயில். கேமராவில் 125 ஃபிலிம், டயலில் முந்தைய ரோலின் 400. வீட்டுக்கு வந்து, "நேரத்தை இரண்டு மடங்காக்கினால் போச்சு" என்று நானே முடிவு செய்து கழுவினேன். நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், அலை நுரையும் வேட்டிகளும் தார் பூசியதுபோல் கறுப்பு. குடைக்குக் கீழே நின்றவரின் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடி. பிரிண்டில் மடிப்பே இல்லாத வெள்ளை வேட்டி, முகமே இல்லாத ஆள்.

மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்த்தார். "நம்பர் நல்லா கறுத்திருக்கு. கழுவினதுல குறை இல்ல தம்பி, ஒளிதான் பத்தல." அந்த எண்களைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுவார்கள், நம் டயலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எண்கள் அழுத்தமாக இருந்து படம் மெலிந்திருந்தால் ஒளி குறைவு. இரண்டுமே மெலிந்திருந்தால் டெவலப்பரில் கோளாறு. இன்றுவரை எந்த நெகட்டிவை எடுத்தாலும் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது.

இப்போது உங்கள் ரோல். ஐடி-11 டெவலப்பரை மேற்கொண்டு தண்ணீர் விட்டு நீர்க்காமல், 20 டிகிரியில், ஹெச்பி5-ஐ 400-க்குக் கழுவ ஏழரை நிமிடம், 1600-க்கு 14 நிமிடம். டி-76 டெவலப்பர் வைத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஆனால் கடிகாரத்தைத் தொடும் முன் ஒரு கேள்வி: எப்படிப்பட்ட வெளிச்சத்தில் எடுத்தீர்கள்? விடியற்காலை, மேகமூட்டம் என்றால் 14 நிமிடம் முழுதாகக் கொடுங்கள். மந்தமான வெளிச்சத்துக்கு அந்தக் கூடுதல் கான்ட்ராஸ்ட் நல்லதுதான். உச்சி வெயிலில் வெள்ளைச் சுவரும் தூண் நிழலுமாக எடுத்திருந்தால் நான் 11 நிமிடத்தில் நிறுத்துவேன். நெகட்டிவ் கொஞ்சம் மெலிந்திருக்கும், பிரிண்டிலோ ஸ்கேனிலோ சமாளிக்கலாம். வெள்ளைச் சுவர் நெகட்டிவில் ஒரே கறுப்பாக அடைத்துப்போனால் அதைச் சமாளிப்பது பெரும்பாடு.

நம் ஊரில் நிஜமான எதிரி வெப்பம். மே மாதம் குழாயைத் திறந்தால் முப்பதுக்கு மேல் வரும். 20 டிகிரிக்குச் சொன்ன நேரத்தை அந்தத் தண்ணீரில் கொடுத்தால் மாசி மகக் கதைதான். நான் முந்தின இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிக்கு, ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, டெவலப்பர் பாட்டில் நிற்கும் வாளியில் போடுங்கள். டெவலப்பருக்குள்ளேயே ஐஸைப் போடாதீர்கள், நீர்த்துப்போகும். 20-க்கு இறங்கவில்லையா, 24-ல் நிறுத்திக்கொண்டு 14 நிமிடத்தைப் பத்துக்குச் சற்றுக் குறைவாக ஆக்குங்கள். ஹைப்போவும் (படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர்) கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். சில்லென்ற டெவலப்பரிலிருந்து சுடு தண்ணீருக்குப் போனால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழலாம்.

ஃபிலிமைச் சுற்றி வைத்துக் கழுவும் டாங்க்கை நிமிடத்துக்கு நான்கு முறை கவிழ்த்தால் போதும். பதற்றத்தில் குலுக்கிக்கொண்டே இருந்தால் அதுவும் வெளிச்சப் பகுதியைத்தான் ஏற்றும்.

ரோடினால் என்ற டெவலப்பரை 1-க்கு 100 தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்கச் சிலர் சொல்வார்கள். வெவ்வேறு வேகத்தில் எடுத்த படங்கள் ஒரே ரோலில் கலந்திருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு, உங்களுக்குத் தேவையில்லை. தப்பு மறுபக்கம் போயிருந்தால், அதாவது 400 ஃபிலிமை 100-ல் வைத்திருந்தால், நேரத்தில் கால் பங்கு குறைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கூடுதல் ஒளியை ஹெச்பி5 நன்றாகவே தாங்கும்.

லேபுக்கு அனுப்புவதாக இருந்தால், டப்பா மேல் மார்க்கரால் பெரிதாக 1600 என்று எழுதுங்கள். இல்லையென்றால் மேலே அச்சிட்டிருக்கும் 400-ஐப் பார்த்து ஏழரை நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள்.