கூப்பிட்டால் வராத நாய் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தம்பலகாமத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் வயல் இருக்கிறது. பன்றிக் காவலுக்கு ஒரு நாய் வளர்க்கிறேன். பெயர் ஜிம்மி, பத்து மாதம். தாய் பீகிள், தகப்பன் ஊர் நாய். மோப்பத்தில் கெட்டிக்காரன், பன்றி வரம்பு ஏறுமுன்னரே குரல் கொடுத்துவிடுவான். ஆனால் மணம் பிடித்து ஓடத் தொடங்கினால் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வரமாட்டான். போன கிழமை திருகோணமலையில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கோட்டைப் பக்கம் மான்களைக் கண்டதும் கயிற்றைப் பறித்துக்கொண்டு துரத்தினான். மான்கள் தப்பிவிட்டன. அவன் ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தான். ஆத்திரத்தில் நன்றாக அடித்துவிட்டேன். இப்போது கூப்பிட்டால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறான், கிட்ட வருவதில்லை. வேட்டைச் சாதி நாய் சொல்வழி கேட்காது என்கிறார்கள். இரண்டு நாள் பட்டினி போடு என்கிறார் மாமா. கரண்ட் அடிக்கிற கழுத்துப்பட்டி வாங்கு என்கிறான் நண்பன். நான் என்ன செய்ய?

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த அடியைப் பற்றிக் கதைத்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். ஒன்றரை மணித்தியாலம் ஓடியதற்காக நீங்கள் அடித்தீர்கள். ஜிம்மி அடி வாங்கியதோ திரும்பி வந்ததற்கு. தான் செய்ததையும் அதற்குக் கிடைத்ததையும் நாய் முடிச்சுப்போட வேண்டுமென்றால் இரண்டும் ஓரிரு நொடிக்குள் நடக்க வேண்டும். மானைத் துரத்தியது அவனுக்கு எப்போதோ முடிந்த கதை. அடி விழுந்தபோது அவன் செய்துகொண்டிருந்த ஒரே வேலை உங்களிடம் வந்தது.

இது நானும் செய்த பிழை. உப்புவெளியில் எங்கள் வளவில் வீமன் என்று ஒரு நாய் இருந்தான். ஒரு நாள் அயல்வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்தான். பூவரசம் தடியால் அடித்தேன். அடுத்த நாள் பின்னேரம் படலையில் நின்று கூப்பிட்டேன். வந்தான். வயிறு மண்ணில் உரச, காது பிடரியோடு ஒட்டியிருக்க, நாலடி வைப்பதும் நிற்பதுமாக வந்தான். என் காலடிக்கு வந்ததும் மல்லாந்து படுத்துச் சிறுநீர் விட்டான். புழுதியில் அந்த ஈரம் பரவியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் பழையபடி பாய்ந்து ஓடி வர மூன்று மாதம் பிடித்தது.

அடுத்தது, வேட்டைச் சாதி சொல்வழி கேட்காது என்ற கதை. சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட் போன்றவை கண்ணால் துரத்துகிற நாய்கள். இரை கண்ணுக்கு மறைந்தால் அவற்றின் ஓட்டம் தளரும். பீகிள் மூக்கால் துரத்துவது. மனிதனுக்கு மணம் அறியும் கலங்கள் சுமார் 50 இலட்சம், இந்த நாய்களுக்கு 20 கோடிக்கு மேல். மான் போய் அரை மணித்தியாலம் ஆனாலும் ஜிம்மிக்கு அது மண்ணில் இருக்கிறது. அவ்வளவு பெரிய உலகம் மூக்குக்குள் திறந்திருக்கும்போது உங்கள் குரல் அவனுக்கு எட்டுவதில்லை. பத்து மாதம் வேறு, பெடியன்களின் பதின்ம வயது மாதிரி. ஆனால் இதே பீகிளைத்தான் அமெரிக்காவில் 1984 முதல் விமான நிலையங்களில் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பயணப்பெட்டிக்குள் பழமோ இறைச்சியோ மணந்தால் பாயாமல், குரைக்காமல், பக்கத்தில் அமைதியாக உட்காரும். அதைப் பழக்குவதும் தீனி கொடுத்துத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். 'வா' என்ற சொல்லை இனி அவனிடம் பாவிக்காதீர்கள். அது கெட்டுப்போய்விட்டது. ஒரு விசில் வாங்குங்கள், விசில் சத்தத்தில் கோபம் தெரியாது. முதல் கிழமை வளவுக்குள் மட்டும். அவித்த சூரை மீனைச் சுண்டுவிரல் நகமளவு பிய்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசில் ஒரு தரம். அவன் தலையைத் திருப்பிய உடனேயே மீன் போக வேண்டும். பத்தடி தள்ளி நின்றால் அங்கேயே எறியுங்கள், நீங்கள் கிட்டப் போகாதீர்கள். காலையில் ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து நிமிடம் காணும்.

வந்து மீனைத் தின்றதும் அவனைத் திரும்பப் போக விடுங்கள். இதைத்தான் எங்கள் ஆட்கள் செய்வதில்லை. நாயை நாங்கள் எப்போது கூப்பிடுகிறோம்? கட்டிப்போட, குளிப்பாட்ட, உண்ணி பிடுங்க, வயலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக. கூப்பிட்டால் சந்தோசம் முடிந்தது என்று அது விளங்கிக்கொள்கிறது. பத்துத் தரம் கூப்பிட்டால் ஒன்பது தரமாவது "சரி, போய் மண" என்று விட்டுவிடுங்கள். மோப்ப நாய்க்கு மீனை விடப் பெரிய பரிசு திரும்ப மோப்பம் பிடிக்க விடுவதுதான்.

பிறகு வயலுக்குப் போகலாம். 10 மீற்றர் கயிறு, கழுத்தில் கட்டாமல் நெஞ்சுப்பட்டியில். மூக்கு மண்ணில் புதைந்து வால் விறைத்திருக்கும்போது விசில் அடிக்காதீர்கள். கேட்காத இடத்தில் அடிக்க அடிக்க அந்தச் சத்தத்தின் பெறுமதி போய்விடும். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி ஒரு பெருமூச்சு விடுவான், காதின் அடிப்பக்கம் இலேசாக உங்கள் பக்கம் அசையும். அந்த நொடிக்குக் காத்திருங்கள். விடியற்காலையில் போங்கள். ஈர மண்ணில் மணம் தங்கி நிற்கும். கச்சான் காற்று வீசுகிற மத்தியானத்தில் மணமும் கலைந்துபோகும், நாயும் களைத்துவிடும். அதற்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும்தான்.

அப்புறம் மான். இங்கிலாந்தில் நரி வேட்டைக்கு நாய் பழக்கியவர்கள் குட்டிகளைப் பண்ணை வீடுகளில் விட்டு வளர்ப்பார்கள், ஆட்டுக்கும் கோழிக்கும் நடுவில். துரத்தக் கூடாதது எது என்று அங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும். பெரிதானதும் இளம் நாயை அனுபவமுள்ள கிழட்டு நாயோடு கழுத்துப்பட்டியில் பிணைத்து நடத்துவார்கள். அங்கே வேட்டை நாய்களை எண்ணுவதே சோடிக் கணக்கில்தான், 30 நாய் என்றால் 15 சோடி. குறுக்கே மான் ஓடினாலும் பார்க்காமல் போகிற நாய்க்குத்தான் மரியாதை. ஜிம்மிக்கும் அது பழகும். உங்கள் ஊரில் சாதுவான கிழட்டு நாய் ஏதாவது இருந்தால் அதோடு சேர்த்து நடத்துங்கள்.

எங்கள் கோட்டை மான்களை உங்களுக்குத் தெரியும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் படுத்து அசைபோடும், ஓட்டோ ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது. பயந்து ஓடிப் பழக்கமில்லாத அந்த மான் நாய்க்கு மிரண்டால் றோட்டுக்குத்தான் பாயும். புள்ளிமான் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதும் நினைவிருக்கட்டும். விசில் நன்றாகப் பிடிபடும் வரை ஜிம்மியை நகரத்துக்குக் கொண்டுவராதீர்கள். வந்தாலும் மான் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் விசிலும் காதில் விழுகிற தூரத்தில் நில்லுங்கள். திரும்பிப் பார்த்தால் மீன் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அடுத்த தரம் நாலடி கிட்ட.

இதில் அவனுடைய உயிரும் இருக்கிறது. பன்றிக்கு வைத்த கம்பித் தடம் நாயையும் இறுக்கும், தீனிக்குள் வெடி வைத்த ஹக்கபட்டாஸ் நாயின் வாயிலும் வெடிக்கும். இரவில் வயலுக்கு அப்பால் காட்டுக்குள் போகிறவனைத் திருப்ப உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு விசில்தான்.

கரண்ட் பட்டி வேண்டாம். வலிக்கிற நொடியில் எது கண்ணில் பட்டதோ அதன் மேல்தான் நாய் பழியைப் போடும். அது மானாக இருக்கலாம், வரம்பில் நடந்து வந்த உங்கள் மருமகளாகவும் இருக்கலாம். வேல்ஸ் நாட்டில் 2010இலேயே அதைத் தடை செய்துவிட்டார்கள்.

பட்டினியும் வேண்டாம். மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இன்று இரவும் வழக்கம்போலச் சோறும் மீனும் குழைத்துச் சட்டியில் வையுங்கள். வைத்துவிட்டு அவனைக் கூப்பிடாமல், நின்று பார்க்காமல், எழும்பி உள்ளே போய்விடுங்கள்.